வழியில் நகர்ந்த செவ்வாய்

என் மகளுக்குச் செவ்வாய் தோஷம் உண்டாக்கியவன் நான்தான். பிறக்கும்போது அவளுக்கு அது கிடையாது. பிறந்து இருபத்தாறு வருடம் கழித்து, மராத்தி மண்ணில், நிக்டியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இரண்டே விரல்களால் தட்டி, மின்னஞ்சலில் அனுப்பி வைத்தேன். இதில் கூடுதல் வெட்கக்கேடு, எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கையே இல்லை என்பது. நம்பிக்கை உள்ளவன் ஏதோ பயத்தில் குளறிவிட்டான் என்றால் மன்னித்துவிடலாம். நாலு பத்திரிகையில் மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்து எழுதிவிட்டு, சொந்தப் பெண்ணின் கிரகத்தைத் தூக்கி வேறு வீட்டில் வைத்தவனை என்ன செய்வது?

கதை இப்படித் தொடங்கியது. மகள் ஹிஞ்சவடியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, அம்மா, என் ஆபீஸ்ல ஒருத்தரப் புடிச்சிருக்கு. அவருக்கும் ஓகே. டிஸ்கஷன் வேண்டாம். ஜஸ்ட் இன்ஃபார்ம் பண்றேன்."

என் மனைவி கோயம்புத்தூர்க்காரி. எதற்கும் பதறமாட்டாள். "தமிழ்ப் பையனா சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

"கட்கில இருக்காங்க. தமிழ்தான். ஆனா அவங்க தமிழ் உனக்குப் புரியாது."

புரியத்தான் செய்தது, பழக நாலு நாள் ஆயிற்று. பையனின் கொள்ளுத் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து, எங்கள் நகரத்தின் இன்னொரு மூலையான கட்கிக்கு வேலைக்கு வந்தவர். அவருக்குப் பிறகு மூன்று தலைமுறை அங்கேயே. அவர்கள் தமிழில் வேலூரும் இருந்தது, இந்தியும் இருந்தது, பையனின் அம்மா கணவரை மராத்திப் பெண்களைப்போல "அஹோ" என்று கூப்பிட்டார். பையனின் அப்பா கட்கியில் ஒரு பெரிய அலுவலகத்தில் இன்வர்டு பிரிவின் தலைவர். அதாவது வெளியிலிருந்து அங்கே வரும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தி, எண் போட்டு, பேரேட்டில் பதிந்து, உரிய மேசைக்கு அனுப்புவது அவர் வேலை. ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி.

மனிதர் தங்கம். வரதட்சணை வேண்டாம், மண்டபம் எதுவானாலும் சரி, சாப்பாடு சைவமானாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை. ஜாதகம் வேண்டும். அதுவும் எழுத்தில் வேண்டும். அதுவும் அலுவலக மின்னஞ்சலில் வேண்டும்.

"வாட்ஸாப்புல அனுப்பட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வாட்ஸாப்புல வர்றதெல்லாம் வதந்தி சார். காலைல என் மச்சான் அனுப்பறான், வெந்நியில எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடிச்சா கண்ணாடியே வேணாம்னு. அதுலயா ஜாதகம் அனுப்புவீங்க? உங்க ஆபீஸ் மெயில்லேர்ந்து என் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புங்க. அதான் லெட்டரு."

எனக்கு இது பிடித்துப்போனது. நான் சிஞ்ச்வட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் இயந்திரக் கையேடுகளைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். எழுத்தை மதிக்கும் ஒருவர் சம்பந்தியாக வாய்ப்பது சாதாரண விஷயமா? ஜாதக நோட்டின் பக்கத்தை ஸ்கேன் செய்தேன். கூடவே ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். இரண்டு மொழிகள் கலந்த இந்த நகரத்தில் இரண்டு குடும்பங்கள் கலப்பதைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. அனுப்பிவிட்டு அதையே மூன்று முறை படித்தேன்.

மறுநாள் அவர் கூப்பிட்டார்.

"சார், கவர் வந்துக்கீது. உள்ள ஒண்ணும் இல்ல."

"ஜாதகம் இருக்குமுங்களே?"

"ஜாதகம் இருந்த எடத்துல, 'இணைப்பு பாதுகாப்பு காரணமா எடுக்கப்பட்டது'ன்னு எழுதிக்கீது. அப்பறம் மேல சேப்பு எழுத்துல, 'இத அனுப்புனவர் வெளியாளு, ஜாக்கிரதை'ன்னு போட்டுக்கீது. அது நீங்க போட்டதா?"

"இல்லீங்க. அது உங்க ஆபீஸ் மெஷின் போடறது."

"கீழ ஒரு பத்தி கீது. இதுல கீற சமாச்சாரம் ரகசியம், தப்பா வந்திருந்தா அழிச்சுடு, இதுல கீறதுக்குக் கம்பெனி பொறுப்பில்லைன்னு. இதுவாவது நீங்க போட்டதா?"

"அது எங்க கம்பெனி தானா ஒட்டறதுங்க."

"அப்ப நீங்க இன்னாதான் சார் போட்டீங்க?"

நடுவிலிருந்த என் கடிதத்தை அவர் ஒரு வார்த்தைகூடக் குறிப்பிடவில்லை. இரண்டு எச்சரிக்கைகளுக்கு நடுவில் அது இருந்ததா என்பதே எனக்கு இப்போது சந்தேகம்.

இணைப்பு போகாது என்றால் என்ன, ஜாதகத்தை மடலிலேயே தட்டச்சு செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. மகள் "போட்டோ எடுத்து அவர்கிட்ட குடுத்தா அவங்க அப்பா பாத்துப்பார்" என்றாள். நான் கேட்கவில்லை. அவர் கேட்டது எழுத்து. எழுத்து என் துறை.

ராசிக் கட்டம் நாலு வரி. மேல்வரியில் நாலு வீடு. இரண்டாவது, மூன்றாவது வரியில் இரண்டு ஓரங்களில் ஒவ்வொரு வீடு, நடுவில் வெற்றிடம். கடைசி வரியில் மறுபடி நாலு வீடு. கோடு போடாமல், வெறும் இடைவெளிகளை வைத்தே கட்டத்தை எழுப்பினேன். கோடில்லாமல் கட்டம் தெரிய வேண்டும் என்பது என் அழகுணர்ச்சி. மகளுக்கு மிதுன லக்னம். மேல்வரியில் மீனத்தில் குருவும் புதனும், மேஷத்தில் சூரியனும் சனியும், ரிஷபத்தில் சுக்கிரன், மிதுனத்தில் லக்னம். இரண்டாம் வரியில் இடது ஓரம் சந்திரன், வலது ஓரம் ராகு. மூன்றாம் வரியில் இடது ஓரம் கேது. கடைசி வரியில் தனுசு காலி, விருச்சிகம் காலி, மூன்றாவதாகத் துலாத்தில் செவ்வாய் தன்னந்தனியாக. லக்னத்திலிருந்து எண்ணினால் ஐந்தாம் வீடு. தோஷம் எதுவும் கிடையாது. இடைவெளிப் பட்டையை முப்பது தடவை தட்டிச் செவ்வாயை அதன் இடத்தில் நிறுத்தினேன். திரையில் பார்க்கக் கோலம்போல இருந்தது. அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அவர் கூப்பிட்டபோது குரலே வேறு மாதிரி இருந்தது.

"சார்! ஏக்தம் பக்கா! எங்க ஜோசியர் பாத்துட்டாரு. பையனுக்கு ஏழுல செவ்வா. உங்க பொண்ணுக்கும் ஏழுல செவ்வா. தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போச்சு. நாலு வருஷமா இப்படி ஒரு பொண்ணு கெடைக்காம நாங்க பட்ட பாடு, உங்களுக்குச் சொன்னாப் புரியாது. சமமா செவ்வா இருந்தாத்தான் கல்யாணம்னு அவரு கண்டிஷனா சொல்லிட்டாரு. இப்ப கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாரு!"

"அப்படீங்களா" என்றேன். அதற்குள் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். மகள் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் என்னைக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சந்தோஷத்திலும் என் மூளை பின்னால் நின்று கொண்டு, ஏழில் ஏது செவ்வாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் மகள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பையனின் அப்பா என் மடலை அச்செடுத்து, அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் கட்டம் போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தார். கடைசி வரியில், முதல் வீட்டில், செவ்வாய். மிதுனத்துக்கு நேர் எதிரே தனுசில், ஏழாம் வீட்டில், குடிவந்து பால் காய்ச்சிவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. மற்ற எட்டுக் கிரகமும் அதனதன் இடத்தில்.

மறுநாள் அலுவலகத்தில் கணினிப் பிரிவு மேடத்தைப் போய்ப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும், மராத்திப் பெண்மணி, கேள்வி கேட்பவரை முதலில் ஒரு முறை சலிப்போடு பார்ப்பார். அச்செடுத்த படத்தைக் காட்டி, வழியில் யாரோ என் மடலைத் திருத்தியிருக்கிறார்கள் என்று புகார் செய்தேன்.

"அரே சர், லிஃபாஃபா சம்ஜா க்யா?" என்றார். உறைபோட்டு ஒட்டிய கடிதம் என்று நினைத்தீர்களா என்று கேட்கிறார். பிறகு பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் அவர் சொன்னதன் சாரம் இது. மின்னஞ்சல் பயணம் செய்வதில்லை. ஒரு இயந்திரம் அதை வாங்கி, தான் ஒரு நகல் எழுதி, அடுத்த இயந்திரத்திடம் கொடுக்கிறது. அது இன்னொரு நகல் எழுதுகிறது. எழுதும்போது ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த நல்லதைச் செய்கிறது. ஒன்று நீளமான வரியை உடைக்கிறது. ஒன்று வண்ணத்தையும் அலங்காரத்தையும் உரித்து வெறும் எழுத்தாக்குகிறது. ஒன்று சுட்டியை மாற்றி வேறு சுட்டியை வைக்கிறது. ஒன்று தலையில் எச்சரிக்கை எழுதுகிறது, ஒன்று காலடியில் சட்டம் பேசுகிறது. கட்கியில் இருக்கும் இயந்திரம் ஒரு வரியின் தொடக்கத்தில் இருக்கும் காலி இடத்தைக் குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளுகிறது.

"வரியோட ஆரம்பத்தில மட்டுமா?"

"சிர்ஃப் ஆரம்பத்தில."

அதனால்தான். மேல் மூன்று வரிகளும் இடது ஓரத்திலேயே ஏதோ ஒரு கிரகத்தில் தொடங்கியதால் தப்பித்துவிட்டன. கடைசி வரி காலி இடத்தில் தொடங்கியது. கூட்டித் தள்ளியதும் செவ்வாய் சறுக்கிக்கொண்டு போய் இடது ஓரத்தில் முட்டி நின்றிருக்கிறது. கட்கி இயந்திரம் திருப்பி அனுப்பியிருந்த ரசீதைத் திறந்து, மேடம் என் மடலின் தலைப்பகுதியை விரித்துக் காட்டினார். அது கடந்துவந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றும் தன் பெயரையும் நேரத்தையும் குத்தியிருந்தன. ஐந்து முத்திரைகள். நிக்டிக்கும் கட்கிக்கும் இடையில் லோக்கல் ரயிலே அத்தனை இடத்தில் நிற்காது.

"யாராச்சும் வேணும்னே செஞ்சா?"

"அதுக்கும் வழி உண்டு சர். ஆனா உங்க செவ்வாய மாத்தறதுக்கு யாருக்கு நேரம் இருக்கு?"

வீட்டுக்கு வந்து சபையைக் கூட்டி விஷயத்தை அறிவித்தேன். தோஷமே இல்லை, இயந்திரம் செய்த கோளாறு, உடனே சொல்லியாக வேண்டும். மனைவி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஏனுங்க, உங்களுக்குத்தான் ஜாதகத்துல நம்பிக்கையே இல்லியே?"

"இல்லை."

"அப்பறம் செவ்வா அஞ்சுல இருந்தா என்ன, ஏழுல இருந்தா என்னங்க?"

"அது பொய்யில்லையா?"

"நம்பாத விஷயத்துல எது பொய்யி, எது நெசமுங்க?"

மகள் நேரடியாக வந்தாள். "அப்பா, ப்ளீஸ். மேட்ச் ஆயிடுச்சு. டோன்ட் டச் இட். தோஷம் இல்லன்னு சொன்னா அவங்க அப்பா நோ சொல்லிடுவார். ஜோசியர் சொன்ன கண்டிஷன் அதான். யூ அண்டர்ஸ்டாண்ட், ரைட்?"

புரிந்தது. தோஷமில்லாத பெண் என்பதற்காகக் கல்யாணம் நின்றுபோகும் உலகின் முதல் வீடு எங்களுடையதாக இருக்கும். இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை. இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி அதுதான். நாளைக்கு எங்காவது அந்த நோட்டு அவர்கள் கையில் கிடைத்தால், பெண் வீட்டார் ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டு வாழப்போவது என் மகள். மீதிப் பாதி, நான் அனுப்பியது ஒன்று, அவர் படித்தது ஒன்று என்ற எரிச்சல். கையேடு திருத்துபவனின் வியாதி. எத்தனை சதவீதம் எது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒரு திருத்த மடல் எழுதினேன். "முந்தைய மடலில் செவ்வாய் இடம் மாறித் தங்களுக்கு வந்துள்ளது. கீழே உள்ளதே சரியான கட்டம்." கீழே கட்டத்தை மறுபடி, கவனமாக, அழகாக, இடைவெளி விட்டுத் தட்டினேன்.

ஆமாம். இடைவெளி விட்டு.

மறுநாள் பதில் வந்தது. "தங்கள் மடல் கிடைக்கப்பெற்றது. முன்பு வந்தது போலவே உள்ளது. மூன்றாம் எண் இடப்பட்டது. நன்றி." என் மனைவி அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து ஃப்ளாட் அம்மா வந்து எட்டிப்பார்த்தார். தவறு நடந்துவிட்டது என்று நான் எழுதி, அதற்குச் சான்றாக அதே தவறை மறுபடி அனுப்பியிருக்கிறேன். என் அறிவின் மேல் எனக்கு இருந்த மரியாதையில் பெரும்பகுதி அன்றே காலியாகிவிட்டது.

மிச்சத்தை நாலாவது மடலில் செலவழித்தேன். இடைவெளிதானே குப்பை? புள்ளி வைக்கிறேன், தள்ளு பார்ப்போம் என்று, காலி வீடுகளையெல்லாம் புள்ளிகளால் நிரப்பினேன். வரிகள் நெருக்கமாக இருந்தால் பார்க்க நன்றாக இல்லையே என்று, முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் தனியாக ஒரு புள்ளி வைத்தேன். மறுபடி அழகுணர்ச்சி.

போன் வந்தது. இந்த முறை குரலில் கவலை.

"சார், தப்பா நெனைக்காதீங்க. பொண்ணுக்கு ஒம்பதுல அஞ்சு கிரகம்தான் வந்துக்கீது. மொத வரியோட நின்னுடுச்சு. சந்திரனக் காணோம், ராகு கேதுவக் காணோம், செவ்வாயையே காணோம். இன்னா சார் நடக்குது?"

மேடத்திடம் மறுபடி போய் நின்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். இயந்திரங்கள் தங்களுக்குள் பேசும் பாஷையில், ஒரு வரியில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தால் 'கடிதம் முடிந்தது' என்று அர்த்தமாம். நல்ல இயந்திரம், எழுதியவர் வைத்த புள்ளி இது என்று புரிந்துகொண்டு பாதுகாப்பாகக் கடத்திவிடும். பழைய இயந்திரம் ஏதாவது வழியில் இருந்தால் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடும். பாக்கி நாலு கிரகம் வாசலிலேயே நின்றுவிட்டன. "சர்," என்றார் அவர், "நீங்க ஏன் நேர்ல போய்க் குடுக்கக் கூடாது? கட்கி என்ன, அமெரிக்காவா?"

அன்று மாலை நானே பையனின் அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். செவ்வாய் ஐந்தில் இருக்கிறது, தோஷம் கிடையாது, முதலில் வந்தது பிழை. எதிர்முனையில் அவர் நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நோட்ட எடுத்துக்கினு ஞாயித்துக்கெழம நேர்ல வாங்க" என்றார். இந்த முறை 'சார்' வரவில்லை.

மகள் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் செருப்பு மாட்டும்போது மட்டும் சொன்னாள். "அப்பா, உண்மை சொல்ல ஆசையா இருந்தா உன் மேகசின்ல எழுது. என் லைஃப்ல எதுக்கு எழுதற?" கண் சிவந்திருந்தது. அவள் எங்களோடு வரவில்லை.

ஆகுர்டியில் ஏறி கட்கியில் இறங்கினோம். கதவைத் திறந்தது பையன். "வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, சோதனைக்கு வந்த அதிகாரியைப் பார்ப்பதுபோல என் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

முன்னறையில் அவன் அப்பா தயாராக இருந்தார். மேசைமேல் ஒரு கோப்பு. நான் அனுப்பிய நாலு மடல்களும் அச்செடுத்து, துளை போட்டு, கயிறு கோத்து, வரிசையாக எண்ணிடப்பட்டு இருந்தன. காலியாக வந்த முதல் மடலுக்கும் எண் இருந்தது. நான் நோட்டைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, துலாத்தில் இருந்த செவ்வாய்மேல் விரலை வைத்தார். லக்னத்திலிருந்து இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

"அஞ்சுலதான் கீது" என்றார்.

"ஆமாங்க."

உள்ளே இருந்து பையனின் அம்மா அவல் போஹா தட்டுகளோடு வந்தார். தட்டை மேசையில் வைத்த வேகத்திலேயே விஷயம் தெரிந்தது.

"அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பையன் ஆறு மாசமா இந்தப் பொண்ணத் தவுர யாரும் வேணாம்னு ஒக்காந்துக்கீறான். இவரு பேப்பர் வேணும்னு அடம் புடிச்சாரு. பேப்பர் வந்துச்சு. சாமியே அனுப்பிச்சுட்டாருன்னு நாலு நாளு நிம்மதியாத் தூங்குனோம். அத்தப் புடுங்கறதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?"

"அக்கா, நானும் இதையேதானுங்க சொன்னேன்" என்றாள் என் மனைவி. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் போஹாவைப் பார்த்தேன்.

"அஹோ, நீங்களாவது வாயத் தொறங்க" என்றார் அந்த அம்மா, கணவரிடம்.

அவர் வாயைத் திறந்தார். ஆனால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், அந்த மெஷினு உங்க லெட்டர மட்டும் இப்பிடிப் பண்ணுதா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தாங்க. வரி ஆரம்பத்துல காலி எடம் இருந்தா எடுத்துடும்."

"யாரும் வேணும்னு கை வெக்கல?"

"இல்லீங்க."

"எல்லாருக்கும் ஒரே ரூலு."

"ஆமாங்க, ஒரே ரூலு."

நோட்டை மூடினார். இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சார், நான் முப்பத்திரண்டு வருஷமா இன்வர்டு பாக்கறேன். வந்த லெட்டர் இன்னா சொல்லுதோ, அத்தத்தான் நான் பதிவேன். அனுப்புனவரு மனசுல இன்னா நெனச்சாருன்றது என் டிபார்ட்மெண்ட் இல்ல. இந்த நோட்டு உங்க அவுட்வர்டு. என் இன்வர்டுல செவ்வா ஏழுல வந்துக்கீது. யாரும் கை வெக்காம, ஒரு ரூலுப்படி நவுந்து வந்துக்கீது. மேல கீறவரு நவுத்தறதும் இப்பிடித்தான? ஜோசியர் கையெழுத்துப் போட்டாச்சு. நம்பர் போட்டாச்சு. முடிஞ்சுது."

"ஆனா உண்மை…"

"உண்மை எந்த லெட்டர்ல சார் வருது?" என்றார். பிறகு எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார். "சாப்புடுங்க சம்மந்தி. ஆறிப்போவுது."

உள்ளே பையன் போன அறையின் கதவு படாரென்று திறந்த சத்தம் கேட்டது. அடுத்த நிமிடமே மனைவியின் போனில் மகள் கூப்பிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. போனை என்னிடம் தரவில்லை.

நானும் சண்டை போடவில்லை. சண்டை போட என்ன இருக்கிறது? நான் எழுதிய கடிதங்கள், நான் நிறுத்திய செவ்வாய், நான் செய்த திருத்தம், நான் வைத்த புள்ளி, எல்லாம் ஒரு பக்கம். கட்கி இயந்திரம் செய்த தப்பு மறுபக்கம். இரண்டு குடும்பமும் கைகூப்பி இயந்திரத்தின் பக்கம் நின்றுவிட்டன. தை மாதத்தில் தேதியும் குறித்துவிட்டார்கள், அந்த ஏழாம் வீட்டுச் செவ்வாயை வைத்தே.

திரும்பும்போது கட்கி ரயில் நிலையத்தில் லோனாவ்லா லோக்கலுக்காக நின்றோம். என் ஆற்றாமையை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. "பாத்தியா? நான் எழுதினது எழுதினபடி போயிருந்தா இந்தக் கல்யாணமே நடந்திருக்காது. என் எழுத்த வழியில ஒரு மெஷின் கெடுத்தத, அதுதான் ஒரிஜினல்னு ஃபைல் பண்ணி வெச்சிருக்காங்க."

மனைவி ரயில் வருகிறதா என்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இத்தன வருசமா எழுதறீங்க. நடுவால ஒருத்தரு கை வெச்சதுக்கப்பறந்தானுங்க, ஒண்ணாச்சும் படிக்கறவங்களுக்குப் பிரயோசனப்பட்டிருக்குது."